இரவல் கொடாத இசைத்தட்டு

‘தவ்ஹீத்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்போம் என்பதற்கு நம்மிடம் கணக்கில்லை. ஆயினும் அச்சொல்லைப் பாரிஸ் மாநகரின் வட எல்லையில், செந்துவான் பழம்பொருள் சந்தையின் ஓரத்தில், கைப்பிடி உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கும் மூடியில்லாத பீங்கான் கூஜாவுக்கும் இடையே தரையில் கிடக்கக் காண்போம் என்று நாம் எண்ணியதேயில்லை. 1998ஆம் ஆண்டின் குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய இசைத்தட்டு ஒன்றின் உறையில் உரோமன் எழுத்துகளில் அச்சொல் அச்சிடப்பட்டிருந்தது. வாசித்த கலைஞரின் பெயர் ஃபாரோ சாண்டர்ஸ். ஃபாரோ என்றால் ஃபிர்அவ்ன் அல்லவா? ஃபிர்அவ்னுக்கும் தவ்ஹீதுக்கும் என்ன உறவு என்று எண்ணி, அந்தக் குளிரில் நின்றபடியே சிரித்துவிட்டோம்.

நம் ஊர்ப்பக்கம் அரபு எழுத்துள்ள காகிதம் தெருவில் கிடந்தால், அதை எடுத்துத் தூசு தட்டிச் சுவரிடுக்கில் செருகிவிட்டுப் போவது பெரியவர்கள் வழக்கம். எழுத்து உரோமனாயினும் சொல் நம்முடையது. அதைத் தரையில் விட்டுவிட்டு வர மனம் ஒப்பவில்லை. இருபது பிராங்க் கொடுத்து வாங்கிக்கொண்டோம். இசை கேட்கும் நோக்கம் அப்போது அணுவளவும் இல்லை. தட்டைச் சுழற்றும் கருவியும் வீட்டில் இல்லை. அலமாரியின் மேல்தட்டில், கிதாபுகளுக்குச் சற்றுத் தள்ளி, நான்கு மாதம் அது கிடந்தது.

மதரஸாவில் ஓதியவருக்குப் பாரிசில் என்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிசின் வடபுறத்துப் புறநகர்களில் குடியேறினர். அப்பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தமிழும் கற்பிக்க ஓர் ஆள் வேண்டுமென்று உறவினர் அழைத்ததால் நாமும் சபர் புறப்பட்டோம். புதன் பிற்பகலும் சனிக்கிழமையும் வகுப்பு. ஞாயிறு ஓய்வு. ஓய்வு கிடைத்த ஏழை ஆசிரியன் எங்கே போவான்? காசு செலவில்லாமல் சுற்றிப் பார்க்கத்தக்க இடம் சந்தை ஒன்றுதான்.

நாம் குடியிருந்த சார்செல் பகுதியில் அல்ஜீரிய நாட்டார் ஒருவர் தேநீர்க் கடை வைத்திருந்தார். புதினா இலை போட்ட தேநீர். சர்க்கரை தாராளமாக இருக்கும். ஹஜ் செய்தவராதலால் அவரை எல்லாரும் ஹாஜி என்றே அழைத்தனர். அவர் நம்மை ‘உஸ்தாத்’ என்பார். நம் அரபு கிதாபு அரபு. அவருடையது அல்ஜியர்ஸ் நகரின் கஸ்பா தெருக்களில் விளைந்த அரபு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதி விளங்கும். மீதியைப் பிரெஞ்சும் கைச்சாடையும் நிரப்பின. ஒருநாள் பேச்சுவாக்கில், ‘தவ்ஹீத் என்று பெயரிட்ட இசைத்தட்டு ஒன்று நம்மிடம் இருக்கிறது’ என்றோம். தேநீர்க் குவளை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, ‘சாண்டர்ஸா?’ என்றார்.

அந்தக் கேள்வியால் நம் வாழ்வில் ஒரு புதிய அறை திறந்தது என்றே கூறவேண்டும்.

1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் அல்ஜியர்ஸ் மாநகரில் ஆப்பிரிக்கப் பண்பாட்டுப் பெருவிழா நடந்தது. விடுதலை பெற்று ஏழே ஆண்டுகள் ஆன நாடு. கண்டம் முழுவதிலுமிருந்து கலைக்குழுக்கள் வந்து தெருக்களில் ஆடிப்பாடின. அமெரிக்காவிலிருந்து ஆர்ச்சி ஷெப் என்னும் சாக்ஸபோன் கலைஞரும் தோழர்களும் வந்து, சஹாராப் பாலைவனத்துத் துவாரெக் இசைஞரோடு கலந்து வாசித்தனர். அப்போது ஹாஜிக்கு வயது பதினான்கு. கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்று கேட்டிருக்கிறார். ‘உஸ்தாத், அன்று எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை’ என்பார். இதை அவர் சொல்லி நாம் கேட்டது இருபது தடவைக்குக் குறையாது.

விழா முடிந்ததும் அக்கலைஞர்களிற் பலர் நேரே பாரிசுக்கு வந்தனர். சிகாகோ நகரத்து ஆர்ட் என்செம்பிள் குழுவினரும் அவ்வாண்டு ஜூன் மாதமே பாரிசுக்கு வந்திருந்தனர். பி.ஒய்.ஜி. என்னும் பிரெஞ்சு நிறுவனம் ‘ஆக்துவெல்’ என்ற வரிசையில் இவர்களுடைய இசையைத் தட்டுகளாக வெளியிட்டது. 1969 ஆகஸ்ட் மாதம் ஒன்றில் மட்டும் பதிவான தட்டுகளை அடுக்கினால் ஒரு சிறிய அலமாரித் தட்டு நிரம்பிவிடும். ஷெப்பின் தட்டொன்றுக்குப் பெயர் ‘யாஸ்மினா’. கிளிஃபோர்ட் தார்ன்டன் என்பாரின் தட்டுக்கு ‘கெச்சாவா’. கெச்சாவா என்பது அல்ஜியர்ஸில் உள்ள பழைய பள்ளிவாசல். பிரெஞ்சுக்காரர் அதனைத் தேவாலயமாக மாற்றி வைத்திருந்தனர். 1962இல் அது மீண்டும் பள்ளிவாசலாயிற்று. தங்களுக்கு உரிய பணம் வந்து சேரவில்லை என்று அவ்வரிசையிற் பதிவுசெய்த கலைஞர் பலர் பின்னாளிற் குறைகூறினர். அந்த வருத்தமும் அத்தட்டுகளின் வரலாற்றிற் சேர்ந்ததே.

ஹாஜியின் கடைப் பின்னறையில், சர்க்கரை மூட்டைகளுக்கு நடுவே, பழைய இசைத்தட்டுக் கருவி ஒன்று இருந்தது. இஷாவுக்குப் பின் கடையை அடைத்துவிட்டு, நம் ‘தவ்ஹீத்’ தட்டை அதில் வைத்தார். 1966 நவம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் கிளிஃப்ஸில் பதிவான இசை அது. முதற் பக்கத்தில் ஒரே உருப்படிதான்: ‘மேல் எகிப்தும் கீழ் எகிப்தும்’ என்று தமிழிற் சொல்லலாம். பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும். நமக்கு முதலில் தோன்றியது எரிச்சலே. மணியோசை, தோற்கருவிகளின் உறுமல், கிதார் நரம்பை யாரோ பிறாண்டுவது போன்ற ஒலி. பாட்டு எங்கே என்று தேடினோம். நம் முகத்தைப் பார்த்த ஹாஜி தட்டை மீண்டும் தொடக்கத்தில் வைத்து, ‘பாட்டைத் தேடாதீர்கள், உஸ்தாத். ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் போகும் வழியெல்லாம் கூடவே போங்கள்’ என்றார்.

எவ்விதப் பயிற்சியும் இல்லாதவருக்கு இவ்விசையைக் கேட்க இதைவிட நல்ல வழியை நாம் இன்றுவரை அறியோம். நாம் பிடித்துக்கொண்ட ஆள், பெரிய நரம்புக் கருவியாகிய பாஸ் வாசித்த ஹென்றி கிரைம்ஸ். தொடக்கத்தில் எங்கும் போகாமல் அலைந்துகொண்டிருக்கும் அக்கருவி, பாதிவழி கடந்தபின் ஒரு சிறு நடையைப் பற்றிக்கொள்கிறது. சில சுரங்களே, திரும்பத் திரும்ப வருகின்றன. பிற கருவிகள் ஒவ்வொன்றாக வந்து அந்நடையிற் சேர்ந்துகொள்கின்றன. தட்டின் உறையில் யாருடைய பெயர் பெரிதாக இருக்கிறதோ அந்தச் சாண்டர்ஸ் தம் டெனர் சாக்ஸபோனை எடுப்பது அதற்கும் பின்னர்தான். கல்யாண வீட்டில் எல்லாரும் வந்து அமர்ந்தபிறகு கடைசியாக வரும் மாப்பிள்ளை போல் அது நுழைகிறது. வந்ததும் எளிய மெட்டொன்றை வாசிக்கிறது. பிறகு அதே மெட்டைக் கதறுகிறது. சீவாளியை அழுத்தி ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்களைப் பிளந்து ஒலிக்கச் செய்யும் வித்தை அவருக்குக் கைவந்தது. நாகூர் தர்காவில் நாகசுரம் கேட்டு வளர்ந்த காதுக்குச் சீவாளியின் கதறல் அந்நியமன்று. கிராஅத் பயிலும்போது மூச்சை எங்கே எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று நம் ஆசான் பிரம்போடு கற்பித்த பாடமும் அன்று நினைவுக்கு வந்தது. ஓதுதலும் ஊதுதலும் ஒன்றென்று கூற வரவில்லை. அப்படிக் கூறுவது பிழை. மூச்சின் கணக்கை மட்டுமே இங்குப் பேசுகிறோம்.

இசைக்கருவிகளைக் கேட்பது பற்றி நம் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நாம் அறியாதவரல்லோம். கூடாது என்போர் உளர். இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவில் செவிமடுத்தலின் ஒழுங்குகளுக்கென ஒரு பகுதியே ஒதுக்கி, எது எப்போது யாருக்கு என்று பிரித்துப் பேசியிருப்பதும் தெரிந்ததே. நாம் இங்கு ஃபத்வா எழுத வரவில்லை. நடந்ததைச் சொல்கிறோம்.

ஹென்றி கிரைம்ஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1960களின் இறுதியில் அம்மனிதர் மறைந்துபோனார். எங்கே போனார் என்று தோழர்களுக்கும் தெரியவில்லை. அவர் இறந்துவிட்டதாகவே கருதினர். அச்சிலும் அப்படி எழுதினர். நம் வாரிசுரிமைச் சட்டத்தில் ‘மஃப்கூத்’ என்றொரு தலைப்பு உண்டு: காணாமற்போனவர். அவர் உயிரோடிருப்பதாகக் கொள்வதா, இறந்ததாகக் கொள்வதா, சொத்தை எத்தனை காலம் நிறுத்திவைப்பது என்று மாணவர் தலை சுற்றும்படி விவாதம் நடக்கும். கிரைம்ஸ் அவ்வாறு ஒரு மஃப்கூதாகவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2002இல் ஓர் இரசிகர் தேடிப்பிடித்தபோது, அவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு சிற்றறையில் கவிதை எழுதிக்கொண்டு வாழ்ந்திருந்தார். தம் கருவியை எப்போதோ விற்றுவிட்டார். தம்முடன் வாசித்த ஆல்பர்ட் அய்லர் 1970இலேயே இறந்துபோனதும் அவருக்குத் தெரியாது! வில்லியம் பார்க்கர் என்னும் கலைஞர் பாஸ் கருவி ஒன்றை அவருக்கு அனுப்பினார். 2003இல் நியூயார்க்குக்குத் திரும்பி மீண்டும் மேடையேறி வாசித்தார்; 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் மறைந்தார். இச்செய்தியை 2003இல் ஹாஜியிடம் சொன்னபோது, அவர் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் இலவசமாகத் தேநீர் கொடுத்தார்.

பின்னறையில் கேட்டு ஆசை வளர்ந்ததும் நாமே ஒரு கருவி வாங்கினோம். தட்டுகளும் சேரத் தொடங்கின. அக்காலத்தில் நாம் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரித்துரைக்க வாசகர் பொறுத்தருள வேண்டும். பழைய பைத்தியம் இன்னும் முற்றும் தெளியவில்லை.

1960க்கும் 1970க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அமெரிக்காவின் கறுப்பின இசைஞர்கள் செய்தது யாதெனில், தம் முன்னோர் வகுத்த ஜாஸ் இலக்கணத்தைத் தாமே அவிழ்த்துப் பார்த்ததாகும். 1960 டிசம்பர் 21ஆம் நாள் ஆர்னெட் கோல்மன் எட்டுப் பேரை ஓர் அறையிற் கூட்டி, நால்வரை இடப்பக்க ஒலியிலும் நால்வரை வலப்பக்க ஒலியிலுமாக நிறுத்தி, முப்பத்தேழு நிமிடம் ஒரே மூச்சாக வாசிக்கச் செய்தார். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்பது அத்தட்டின் பெயர். பின்னர் அதுவே அவ்விசை வகைக்கும் பெயராயிற்று. ஜான் கோல்ட்ரேன் 1965 ஜூனில் பதினொருவரைக் கூட்டி ‘அசென்ஷன்’ வாசித்தார். இத்தகைய இசையை வாங்க ஆளில்லை, கூடங்களும் இடங்கொடுக்கவில்லை. ஆகவே கலைஞர்கள் தாமே கூடங்களையும் சங்கங்களையும் அமைத்துக்கொண்டனர். 1965இல் சிகாகோவில் ஒரு சங்கம் தோன்றியது. கோல்ட்ரேனோடு வாசித்த ரஷீத் அலி என்னும் டிரம்ஸ் கலைஞர் 1970களில் நியூயார்க்கில் ஓர் இசைக்கூடமே நடத்தினார். சன் ரா என்பவர் தம் குழுவின் தட்டுகளைத் தாமே அச்சிட்டார். உறைகளிற் சில கையால் வரையப்பட்டவை. நம் சாண்டர்ஸுக்கு ஃபாரோ என்ற பெயர் அந்தச் சன் ராவிடமிருந்தே வந்ததென்பர்.

வழக்கறிஞர் ஒருவர் எஸ்பெராண்டோ மொழியைப் பரப்புவதற்கென ஒரு தட்டு வெளியிட்டார். அவருடைய நிறுவனத்தின் அடுத்த வெளியீடுகளில் ஒன்றாக 1964இல் பதிவான அய்லரின் ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ வந்தது. எஸ்பெராண்டோவை இன்று நினைப்பவர் சிலரே. அய்லரின் தட்டு தேடப்படுகிறது. எண்ணிக்கையிற் குறைவாக அச்சானதால் இத்தகைய தட்டுகள் பிற்காலத்தில் அரியவாயின. அரியவானதால் விலை ஏறியது. அன்று ஒரு கலைஞனுக்கு ஒருவேளை உணவுக்கும் உதவாத தட்டு, இன்று ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கிறது.

விலை ஏறிய இடத்தில் சேகரிப்போனின் சூட்சும சாத்திரம் பிறக்கிறது. இசை முடியும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள காகித வட்டத்துக்கும் இடையே வெறுமையான வளையம் ஒன்று இருக்கும். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் அங்கே எண்கள் கீறப்பட்டிருப்பது தெரியும். முதற்பதிப்பா மறுபதிப்பா என்பதை அவ்வெண்கள் சொல்லும். கண்பரிசோதகராக வேலைபார்த்துக்கொண்டே இசை பதிவுசெய்து, பின்னர் அதையே தொழிலாக்கிக்கொண்ட ரூடி வான் கெல்டரின் பெயர் முத்திரை அங்கே இருந்தால் மதிப்பு. ‘அசென்ஷன்’ கதை இன்னும் சுவையானது. அன்று இருமுறை வாசித்தார்கள். ஒருமுறை வாசித்தது தட்டாக வெளிவந்தது. கோல்ட்ரேனுக்கு மற்றதே பிடித்ததால் பின்னர் உறையை மாற்றாமலேயே உள்ளிருக்கும் இசையை மாற்றிவிட்டார்கள். ‘இரண்டாம் பதிப்பு’ என்று அவ்வெறும் வளையத்திற் கீறியிருந்தாலன்றிக் கையிலிருப்பது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய நமக்கு இந்த ஆராய்ச்சி கரும்பாக இனித்தது. இரவெல்லாம் விளக்கடியில் தட்டுகளைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்போம். ‘கேட்பதற்கு வாங்கினீர்களா, படிப்பதற்கு வாங்கினீர்களா?’ என்று நம் வீட்டார் கேட்டதுண்டு.

2004இல் சாண்டர்ஸின் இன்னொரு தட்டு கிடைத்தது. 1970 ஜூலை முதல் நாள் பதிவானது. பெயர் ‘ஸும்முன் புக்முன் உம்யுன்’. அல்பகரா ஓதிய சிறுபிள்ளைக்கும் தெரிந்த மூன்று சொற்கள்: செவிடர், ஊமையர், குருடர். முதற்பக்கம் முழுதும் அப்பெயருடைய ஒரே உருப்படி. இருபது நிமிடத்துக்கு மேல் மணிகளும் முரசுகளும் குழல்களும் அலையலையாக வருகின்றன. மறுபக்கம் அமெரிக்கக் கறுப்பினத்தார் தேவாலயத்திற் பாடும் பழைய பாட்டொன்றின் மெட்டு. ஒரு பக்கம் குர்ஆனியச் சொல், மறுபக்கம் தேவாலயத்துப் பாட்டு. இரண்டையும் ஒரே தட்டின் இருபுறமும் வைத்த மனிதரை எண்ணி நாம் வியந்ததுண்டு. ஆனால் நாம் வாங்கிய பிரதி உறை பிரிக்கப்படாதது. மேலே ஒட்டிய மெல்லிய கண்ணாடித்தாள் அப்படியே இருந்தது. பிரித்தால் விலை பாதியாகும் என்று கடைக்காரர் எச்சரித்தார். ஆகவே பிரிக்கவில்லை. ஹாஜியிடமிருந்த வேறொரு பிரதியிற் கேட்டோம். நம்முடையதை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

செவிடர் என்று பெயரெழுதிய தட்டைக் கேளாமலே பூட்டிவைத்தவர் யார் என்று அப்போது நமக்கு உறைக்கவில்லை.

2005ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அல்ஜியர்ஸ் பெருவிழாவில் ஆர்ச்சி ஷெப் வாசித்ததன் தட்டு, முதற்பதிப்பு, கீறலற்ற பிரதி, பாரிஸ் கடையொன்றில் கிடைத்தது. தொண்ணூறு யூரோ. வீட்டுச் செலவில் கைவைத்து வாங்கினோம். தெருவில் கூடியிருந்த மக்களின் ஆரவாரமும் துவாரெக் முரசுகளும் அதிற் கேட்கின்றன. நேரே ஹாஜியிடம் போய்ச் சொன்னோம். அவர் முகம் மலர்ந்தது. ‘உஸ்தாத், ஒரு வாரம் இரவல் கொடுங்கள். என் மகன் நான் சொல்வதையெல்லாம் கதை என்கிறான். அவனுக்குக் காட்ட வேண்டும்’ என்றார்.

நாம் கொடுக்கவில்லை.

மறுத்ததைவிட மறுத்த விதமே நம்மை இன்றும் உறுத்துகிறது. ‘உங்கள் கருவியின் ஊசி பழையது, ஹாஜி, தட்டின் பள்ளத்தை அறுத்துவிடும். மகனை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வாருங்கள், கேட்கலாம்’ என்றோம். எந்த ஊசியில் நாம் முதன்முதலாகக் கேட்டோமோ அந்த ஊசியைப் பழையதென்றோம். அவர் ஒரு கணம் பேசாதிருந்து, ‘சரிதான், சரிதான்’ என்று தலையசைத்து, நம் குவளையில் மீண்டும் தேநீர் ஊற்றினார். வீட்டுக்கு வரவில்லை. அதன்பின் அத்தட்டைப் பற்றி அவர் பேசவுமில்லை. நாமும் கேட்கவில்லை.

2006 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. சிறுவர்களுக்குக் குர்ஆனின் கடைசிப் பகுதியிலுள்ள சிறு சூராக்களைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். அன்றைய பாடம் மாஊன் சூரா. மாஊன் என்றால் என்ன என்று ஒரு சிறுமி கேட்டாள். அண்டை வீட்டார் கேட்கும் சிறு பொருள்கள்: பானை, வாளி, கோடரி, உப்பு; இரவல் கொடுக்க மறுக்கக்கூடாதவை என்று விளக்கங் கூறினோம். வாயிற் சொல் இருக்கும்போதே கைப்பேசி ஒலித்தது. ஹாஜி அன்று காலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். இன்னா லில்லாஹ். இப்படி ஒரு பாடமும் ஒரு செய்தியும் சேர்ந்து வருமா என்று கேட்போர் கேட்கட்டும், வந்தது. அச்சிறுமியின் முகம் இன்றும் நினைவிருக்கிறது.

ஜனாஸாத் தொழுகையை நாமே நடத்த வேண்டுமென்று குடும்பத்தார் விரும்பினர். ஜனாஸாத் தொழுகைக்கு முன் இமாம், இறந்தவர்மீது யாருக்கேனும் கடன் உண்டா என்று கேட்பது வழக்கம். கேட்டோம். எவரும் பேசவில்லை. அவருக்குக் கொடுக்கவேண்டியது எவரிடமேனும் உண்டா என்று கேட்கும் வழக்கமிருந்தால் நம் நிலை என்னவாகியிருக்கும்?

மூன்றாம் நாள் அத்தட்டை எடுத்துக்கொண்டு அவர் மகனிடம் போனோம். முப்பது வயதிருக்கும், கண்ணியமான பிள்ளை. ‘உங்கள் வாப்பா இதைக் கேட்டிருந்தார், அவருடைய கருவியில் வைத்துக் கேளுங்கள்’ என்று நீட்டினோம். அவர் திகைத்துப்போய், ‘கருவி ஏது? கடை வாடகை ஏறிய ஆண்டிலேயே அதை விற்றுவிட்டாரே. தட்டுகளையும் சேர்த்து விற்றார். உங்களுக்குத் தெரியாதா?’ என்றார். நமக்கென ஒரு கருவி வாங்கியபின் அந்தப் பின்னறைக்குள் நாம் கால்வைத்ததேயில்லை. ஆக, நாம் பழித்த ஊசி அங்கே இல்லை. பிறகு எதற்காகக் கேட்டார்? மகனே சொன்னார்: ‘கையில் வைத்துப் பார்ப்பதற்காக இருக்கும். பெயரை எனக்குப் படித்துக் காட்டுவதற்காக இருக்கும்.’

வேண்டாம் வேண்டாமென்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம். அதன்பின் ஓராண்டுக்கு நாம் எந்தத் தட்டையும் சுழற்றவில்லை. 2007இல் ஓரிரவு, ஏனென்று தெரியாமலே, பூட்டிவைத்திருந்த ‘ஸும்முன் புக்முன் உம்யுன்’ தட்டை எடுத்து நகத்தாற் கண்ணாடித்தாளைக் கிழித்தோம். முப்பத்தேழு ஆண்டு மூடிக்கிடந்த அட்டையின் வாடை அடித்தது. இசை பின்னறையிற் கேட்டதுபோலவே இருந்தது. ஒரு சுரமும் கூடவில்லை, குறையவில்லை. வீட்டார் கதவருகில் வந்து நின்று, சற்றுக் கேட்டுவிட்டு, ‘இது யாருடைய முரசு?’ என்று கேட்டனர். அவர் இவ்விசையைப் பற்றி நம்மிடம் கேட்ட முதற்கேள்வி அதுவே.

2011இல் ஊர் திரும்பினோம். தட்டுகளை மரப்பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினோம். எழுபத்திரண்டு வந்து சேர்ந்தன. கடற்கரை ஊரின் உப்புக்காற்று இசைத்தட்டுக்கு எதிரி. உறைகளில் பூஞ்சணம் பூக்கும். கறையானுக்குப் பழைய அட்டை என்றால் உயிர். 2018 நவம்பரில் கஜா புயலடித்த இரவு ஓடு பெயர்ந்து, பெட்டியின்மேல் விடிய விடிய மழை கொட்டியது. காலையில் உறைகள் ஊறிப் பிரிந்து கிடந்தன. முற்றத்தில் கொடி கட்டிக் காயவைத்தோம். அண்டை வீட்டுப் பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தனர். ஆர்னெட் கோல்மன் பக்கத்தில் அய்லர், அய்லர் பக்கத்தில் தலையணை உறை. விலைப்பட்டியற்படி பார்த்தால் அன்று நம் செல்வம் அநேகமாய் அழிந்துபோயிற்று. தட்டுகளைச் சோப்பு நீரிற் கழுவித் துணியால் ஒற்றி வைத்ததும் எல்லாம் முன்போலவே ஒலித்தன. சாண்டர்ஸின் இத்தட்டுகளை 2017இலேயே மறுபதிப்பாகவும் கொண்டுவந்துவிட்டனர். கைப்பேசியில் விரலால் தொட்டால் ஒலிக்கும் என்று பிள்ளைகள் சொல்கின்றனர்; உண்மைதான், கேட்டும் பார்த்தோம். அவர் 2022 செப்டம்பர் 24இல் லாஸ் ஏஞ்சலஸில் காலமான செய்தியையும் கைப்பேசிதான் நமக்குச் சொன்னது.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். யார் கேட்டாலும் தட்டைக் கொடுத்து, பெயரும் நாளும் குறித்துக்கொள்கிறோம். கேட்பவர் அதிகமில்லை. பொறியியல் படிக்கும் நம் தங்கை மகன் ஒருவன். அவனுடைய தோழர் இருவர். பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக். தங்கை மகன்தான் முதலில் ‘தவ்ஹீத்’ தட்டைக் கொண்டுபோனான். ‘பாட்டைத் தேடாதே, ஓர் ஆளைப் பிடித்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தவன் தயங்கித் தயங்கி நின்றான். ‘மாமா, என் கை தவறிவிட்டது’ என்றான். முதற்பக்கத்தில் விரல்நீளக் கீறல். அவன் முன்னாலேயே கருவியில் வைத்தோம். கிரைம்ஸ் தம் சிறு நடையைப் பற்றிக்கொள்ளும் இடத்திலிருந்து, தட்டு ஒருமுறை சுற்றும்தோறும் ‘டக்’ என்று ஓர் ஒலி. சாண்டர்ஸ் நுழையும்வரை அது கூடவே வருகிறது.

‘யாரைப் பிடித்துக்கொண்டாய்?’ என்று கேட்டோம்.

‘பாஸ்காரரைத்தான், மாமா. அவர் பெயர் என்ன?’ என்றான்.

கிரைம்ஸ் கதையை அஸர் பாங்கு சொல்லும்வரை அவனுக்குச் சொன்னோம். தொழுதுவிட்டு வந்து நோட்டுப் புத்தகத்தில் ‘திரும்ப வந்தது’ என்று எழுதிவிட்டு, கோல்ட்ரேனும் ரஷீத் அலியும் 1967இல் இருவர் மட்டுமாக வாசித்த தட்டை அவன் கையிற் கொடுத்தனுப்பினோம்.